கிழக்கே பூ, மேற்கே இலை: குமரி மாவட்டத்தில் வண்ண இலைச் செடிகள்

குமரி மாவட்டத்தில் பூவும் செடியும் விற்கிற இடம் என்று கேட்டால் யாரும் தோவாளையைத்தான் காட்டுவார்கள். விடியுமுன் கூடி, வெயில் ஏறுமுன் கலைந்துவிடுகிற அந்தச் சந்தையிலிருந்து பிச்சியும் அரளியும் கொழுந்தும் கேரளத்துக்குப் போகின்றன. ஓணம் நெருங்கும் நாட்களில் அங்கே கால்வைக்க இடமிருக்காது. அந்த ஊரின் கைவேலையான மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவுக்கு இங்கே சந்தை இருக்கிறது, மாலை கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன, அன்றன்றைய விலை செய்தித்தாளில் வருகிறது. இலைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கம் எந்தப் புரயிடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது குரோட்டன்ஸும் கலேடியமும் செந்நிறக் கார்டிலைனும்தான். வேலியோரம் ஒரு கம்பை நட்டுவிட்டு யாரும் பிறகு கவனிக்காத செடிகள் அவை. கவனிக்காமலே தளதளவென்று நிற்கின்றன. இவற்றை ஒரு பயிராக நடத்த முடியுமா, முடியுமென்றால் மாவட்டத்தின் எந்தப் பகுதியில், எப்படி, என்ன எச்சரிக்கையோடு என்ற கேள்வியை நாம் இதுவரை முழுசாக எடுத்துப் பேசவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூ கிழக்கின் பயிர். இலை மேற்கின் பயிர். கறாராகப் பார்த்தால் நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் சொச்சம். அங்கிருந்து மேற்கேயும் வடமேற்கேயும் போகப் போக மழை கூடிக்கொண்டே வந்து, மலையோரத்தில் 1400 மில்லிமீட்டரை எட்டும். இடவப்பாதி மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் பெய்கிற மண் அது. பிச்சிக்கு வெயில் வேண்டும், அரும்பு கட்டும் காலத்தில் அடைமழை ஆகாது. வண்ண இலைச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈரக்காற்றும் வடிகட்டிய வெளிச்சமும் வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குள் இவை இரண்டும் கேட்காமலே கிடைக்கின்றன. மழையும் நிழலும் கூடுதல் என்பதற்காகவே பூ விவசாயம் எட்டிப் பார்க்காத நிலங்கள் அவை. இலைக்கு அதே குறைதான் தகுதி.

இலையை அழகுக்கு வைக்கிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. சுடலைமாடன் கொடைக்குப் பந்தல் போட்டால் குருத்தோலைத் தோரணம் இல்லாமல் முடியாது. குருத்தோலை ஞாயிறன்று அதே ஓலை தேவாலயத்துக்குப் போகிறது. முற்றத்துத் துளசித்தறையில் கருந்துளசி நிற்கும். செந்துளுவன் வாழையின் செங்காம்பைப் பார்த்தே மட்டியிலிருந்தும் ஏத்தனிலிருந்தும் பிரித்துச் சொல்லிவிடும் கண் இங்கே சிறுபிள்ளைக்கும் உண்டு. மலையேறினால் நாங்கு மரம் துளிர்க்கும்போது ஒரு சிவப்பு, கறுவாப்பட்டை மரத்துக் கொழுந்தில் இன்னொரு சிவப்பு, அசோகின் தொங்கும் தளிரில் செம்பு. மார்கழி, தை மாதங்களில் ரப்பர்த் தோட்டங்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பழுத்து உதிர்ந்து, பிறகு செம்பு நிறத்தில் துளிர்ப்பதைப் பேச்சிப்பாறைச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். காட்டோரங்களில் வெள்ளிலைச் செடி இருக்கிறது. சின்ன ஆரஞ்சுப் பூவுக்குப் பக்கத்தில் பால்வெள்ளையாக ஓர் இலை விரிந்து நிற்கும். உண்மையில் அது பெருத்துப்போன புல்லிவட்டத்தின் ஓர் இதழ். தோட்டங்களில் ரோஸ் நிறத்தில் வளர்க்கிற முசேண்டா இதன் உறவுதான்.

வேலியோரத்துக் குரோட்டன்ஸ் வந்த வழி சுவையானது. அதன் தாய்நாடு இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளும் அவற்றுக்குக் கிழக்கே உள்ள பசிபிக் தீவுகளும். அம்போன் தீவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இருந்த ரம்ஃபியஸ், 1670இல் கண்பார்வை இழந்த பிறகும் விடாமல் எழுதி முடித்த தாவரப் பெருநூலில் இந்தச் செடியைப் பதிந்து வைத்தார். அவர் இறந்தது 1702இல். நூல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறத் தொடங்கியதோ 1741இல். அதே ஆண்டில்தான் அதே கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா குளச்சலில் தோற்கடித்தார். அங்கே பிடிபட்ட டிலனாய் பின்னாளில் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, புலியூர்க்குறிச்சியின் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கோட்டை இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. கம்பெனி மொலுக்கஸுக்குப் போனது கிராம்புக்காகவும் சாதிக்காய்க்காகவும். அந்தத் தீவுக் கிராம்பு இன்று மாறாமலை, வெள்ளிமலைத் தோட்டங்களில் விளைந்து, கன்னியாகுமரி கிராம்பு என்ற பெயரில் புவிசார் குறியீட்டையும் பெற்றிருக்கிறது. கிராம்பு ஊன்றிய மண்ணில் அதன் ஊர்க்காரச் செடியான குரோட்டன்ஸ் செழிப்பதில் வியப்பில்லை.

உயிருள்ள செடியைக் கடல் கடத்துவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பெரும்பாடு. உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பற்றாக்குறையிலும் பெரும்பாலானவை செத்துப்போகும். 1829இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் செடி தன் ஈரத்தைத் தானே சுழற்றிக்கொண்டு பிழைப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டி கப்பல்களில் ஏறியது. அதற்குப் பிறகுதான் பசிபிக் குரோட்டன்ஸும் ஜாவாவின் கோலியஸும் தென்னமெரிக்கக் கலேடியமும் உலகெங்கும் தாராளமாகப் பரவின. அவற்றைக் காப்பாற்ற இங்கிலாந்தில் நிலக்கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி வீடுகள் கட்டினார்கள். அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் அவர்கள் காசு கொட்டி உண்டாக்கிய காற்று திற்பரப்பில் சும்மா வீசுகிறது.

இந்த அயல்செடிகள் நம் வயலுக்கும் அடுக்களைக்கும் நெருங்கிய சொந்தம் என்பதை நர்சரிகளில் யாரும் சொல்வதில்லை. குரோட்டன்ஸ் ஆமணக்குக் குடும்பம். ரப்பரும் மரச்சீனியும் குப்பைமேனியும் அதே குடும்பம். செம்பு நிற இலையோடு வேலிக்கு வைக்கிற அக்கலிஃபா, குப்பைமேனியின் நேர் உறவு. கோலியஸ் நம் சிறுகிழங்குக்கும் கற்பூரவல்லிக்கும் உடன்பிறப்பு. கலேடியமும் அக்லோனீமாவும் சேம்பு, சேனையின் வகையறா. வெள்ளையும் ரோஸும் தெளித்தாற்போல் நிற்கும் வேலிச்செடி ஒன்று உண்டு, பிரைனியா என்பார்கள். அது தவசிக்கீரையின் பங்காளி. கீரைக்கட்டில் வரும் சிவப்பு சீமைப் பொன்னாங்கண்ணியே தென்னமெரிக்காவிலிருந்து தோட்டத்து ஓரப் பாத்திக்கு அழகுச் செடியாக வந்ததுதான்; இங்கே வந்து குழம்புக்குள் போய்விட்டது. மரச்சீனியிலேயே இலை நடுவில் மஞ்சள் ஓடிய அலங்கார வகை இருக்கிறது. விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரையிலான தம் ஆட்சியில் பஞ்சம் தீர்க்க ஊக்குவித்த கிழங்கு, இன்று பூச்சட்டியிலும் நிற்கிறது. இந்த உறவுமுறை வெறும் சுவாரசியத்துக்காகச் சொன்னதில்லை. மரச்சீனிக் கம்பு வெட்டி நடத் தெரிந்தவருக்கு அக்கலிஃபா நடத் தெரியும். மாசியில் சேனை வைத்து மழைக்குக் காத்திருக்கத் தெரிந்தவருக்கு, கோடையில் கலேடியம் இலை மடிந்தால் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறியத் தோன்றாது. கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது, புதுமழைக்கு எழும் என்று தெரியும்.

இலைக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை வளர்ப்பவர் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் குறையும். மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டுகளால். சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்ற நிறமியால். கருந்துளசியிலும் மாந்தளிரிலும் இருப்பது அதுவே. இளந்தளிரை வெயிலிலிருந்து காக்கும் குடையாகவும், தின்ன வரும் பூச்சியை விலக்கும் அடையாளமாகவும் அது பயன்படுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தண்டுக்கீரையின் சிவப்பும் சீமைப் பொன்னாங்கண்ணியின் சிவப்பும் வேறு, அது பீட்டலெய்ன். ஒரே செடியில் இவ்விரண்டு நிறமிகளும் சேர்ந்து இருப்பதில்லை.

வெள்ளைத் திட்டுகளின் கதை வேறு. பல செடிகளில் அது இரண்டு வகைத் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே உடம்பில் வாழ்வதால் வருவது. ஒரு அடுக்கில் பச்சையம் உண்டு, மற்றதில் இல்லை. மஞ்சள் விளிம்புள்ள பாம்புக்கற்றாழையை இலைத்துண்டு வைத்து வளர்த்தால் பிறக்கும் குட்டிகள் வெறும் பச்சையாக வருவது இதனால்தான். விளிம்பு வேண்டுமென்றால் தூரைப் பிரித்து நடவேண்டும். அதேபோல, வரியிலைச் செடியில் முழுப் பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் அதை அன்றைக்கே வெட்டிவிட வேண்டும். பச்சையம் கூடுதலாக உள்ள கிளை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். யூரியாவைக் கொட்டினாலும் நிறம் மங்கிப் பச்சை ஏறும். வண்ண இலைக்கு அளந்த பட்டினி நல்லது.

இன்னொரு வகை நிறம் இருக்கிறது, குமரி விவசாயிக்கு அது நன்றாகத் தெரியும். மரச்சீனியில் இலை சுருண்டு மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழுந்தால் அது தேமல் நோய், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதே குடும்பத்து வைரஸ் ஒன்று புகுந்த அபுட்டிலான் செடி, அந்தத் தேமலின் அழகுக்காகவே 1868இல் ஐரோப்பாவுக்குப் போய், இன்றுவரை விலைக்கு விற்கப்படுகிறது. ஆகவே புதிதாக ஒரு வரியிலைச் செடியை வாங்கிக் கொண்டுவரும்போது, அந்த வரி பிறவியில் வந்ததா, நோயில் வந்ததா என்று கேட்பது கட்டாயம். இலை நெளிந்து, கணு குறுகி, வரி ஒவ்வொரு இலையிலும் ஒழுங்கற்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மரச்சீனிக் காட்டுக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட செடியை வைக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி நிழல். மேற்கில் மரம் என்றால் தென்னை, இல்லையென்றால் ரப்பர். இரண்டின் நிழலும் ஒன்றல்ல. தென்னையை 25 அடி இடைவெளியில் வைத்தால் அதன் வேர்களில் பெரும்பகுதி தூரைச் சுற்றி 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். நடுவில் இடம் மிச்சம். காசர்கோட்டுத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தென்னந்தோப்பின் வெளிச்சத்தை மூன்று பருவமாகப் பிரிக்கிறது. முதல் 8 ஆண்டு வெயில் தாராளம். 8 முதல் 25 வரை அடர்நிழல். அதற்குப் பிறகு மரம் உயர உயர வெளிச்சம் மறுபடி இறங்கும். நம் பக்கத்தில் பழைய தோப்புகள் நிறைய. அந்த மூன்றாம் பருவ நிழல் கார்டிலைனுக்கும் டிரசீனாவுக்கும் அக்லோனீமாவுக்கும் அளந்து வைத்த மாதிரி. இளந்தோப்பிலும் விளையின் கிழக்கு ஓரத்திலும் குரோட்டன்ஸ் வைக்கலாம். அதற்கு வெயில் குறைந்தால் புது இலையில் சிவப்பும் மஞ்சளும் வராது, பச்சையாகவே நின்றுவிடும்.

ரப்பர் வேறு விதம். மழைக்காலத்தில் நிழல் இருட்டாக இருக்கும். தையில், வெயில் கூர்மையாகிக் காற்று வறளும் நேரத்தில், இலை முழுவதும் கொட்டிவிடும். நிழலில் பழகிய அக்லோனீமாவின் இலைகள் அந்தச் சில வாரங்களில் வெந்து வெளுத்துப்போகும். ரப்பருக்கு அடியில் இலைச்செடி வைக்கச் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் இந்தத் தை மாதத்தை மறந்துவிடுகின்றன. இளம் ரப்பரின் வரிசைகளுக்கிடையே முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் கார்டிலைன் வைப்பது சரி, அதற்குமேல் வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நிழல் ஒரே நாளில் இல்லாமல் போன விளைகள் பல. ஒரே வகை மரத்தின் நிழலை மட்டும் நம்பி இலைப்பயிர் வைக்காமல், கிளைரிசிடியா, கமுகு, வாழை என்று இரண்டாம் அடுக்கு நிழலையும் சேர்த்து யோசிப்பது அந்தப் புயல் விட்டுப்போன பாடம்.

கிழக்கே வண்ண இலை வளராது என்று நான் சொல்லவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான் அங்கே பிரச்சினை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று கலேடியம் இலையைக் கிழித்து, கோலியஸின் ஓரத்தைக் கருக்கிவிடும். தடித்த தோல்போன்ற இலையுள்ள குரோட்டன்ஸ், பாம்புக்கற்றாழை, மஞ்சள் டுரண்டா ஆகியவை அங்கே தாங்கும். காற்றடிக்காத பக்கம் சுவர் மறைவில் வைத்தால் கார்டிலைனும் தப்பும். கடலோர மணலில் உப்புநீர் ஊற்றி அக்லோனீமா வளர்க்க முயல்வது வீண்செலவு.

மண்ணுக்கு இங்கே பஞ்சமில்லை. மேற்கின் செம்மண் சற்று அமிலத்தன்மை உள்ளது. இந்தச் செடிகளுக்கு அது பிடிக்கும். சட்டிக்கு என்றால் வெறும் செம்மண் மழையில் இறுகிவிடும்; மட்கிய சாணமும் தென்னைநார்க் கழிவும் மணலும் கலக்க வேண்டும். கதம்பலுக்குக் குமரியில் குறைவில்லை என்பதால் நார்க்கழிவை அப்படியே அள்ளிப் போடுகிறார்கள். பச்சை நார்க்கழிவில் உப்பும் டானினும் அதிகம். பலமுறை நல்ல தண்ணீரில் அலசியோ, மட்கவைத்தோ போட்டால்தான் வேர் பிழைக்கும். இடவப்பாதியில் செடி சாவது பெரும்பாலும் பூச்சியால் இல்லை, தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதால். சட்டியின் அடியில் ஓட்டை அடையாமல் பார்ப்பதும், தரையிலிருந்து அதைச் செங்கல்மேல் தூக்கி வைப்பதும் எந்த மருந்தையும்விட மேல்.

பூச்சிகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இன்று தென்னை உள்ள இடமெல்லாம் இருக்கிறது. ஓலையின் அடியில் உட்கார்ந்து அது சொட்டும் தேன்போன்ற கழிவு கீழே நிற்கும் செடிமேல் விழும். அதில் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசினாற்போல் ஆகும். விற்பதே இலையாக இருக்கும்போது இதைவிடப் பெரிய நட்டம் இல்லை. ஆனால் மருந்தடித்தால் அந்த ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற சின்னக் குளவியும் செத்துவிடும். தண்ணீரைப் பீச்சிக் கழுவுவதும் மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதும் பொறுமை கேட்கும் வேலைகள். தென்னையின் கீழ் இலை வளர்க்க நினைப்பவர் அந்தப் பொறுமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வணிகம் என்று வரும்போது என் கருத்து பலருக்கு உவப்பாக இருக்காது. 2020 ஊரடங்குக்குப் பிறகு அக்லோனீமா மோகம் ஊரெங்கும் பரவியது. சுமத்ராக் காட்டுச் செடி ஒன்றின் சிவப்பை இந்தோனேசிய வளர்ப்பாளர் கிரெகோரி ஹம்பாலி கலப்பினத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து, தாய்லாந்துப் பண்ணைகள் நூற்றுக்கணக்கான சிவப்பு வகைகளை இறக்கிவிட்டன. வாங்கி, பிரித்து, விற்று லாபம் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் திசு வளர்ப்பில் ஒரு வகை பெருகத் தொடங்கினால் விலை சரிந்துவிடும். கடைசியில் வாங்கியவர் கையில் நட்டம் நிற்கும். சாதாரணச் சட்டிச் செடிகளில் ஆந்திராவின் கடியம் நர்சரிகளோடும் திருச்சூரின் மண்ணுத்தியோடும் போட்டி போடவேண்டும். லாரியில் வரும் அவர்களது செடியின் விலைக்கு இங்கே சிறு விவசாயி உற்பத்தி செய்வது கடினம்.

வெட்டு இலை அப்படி இல்லை. கல்யாண மேடைக்கும், தேவாலயப் பீடத்துக்கும், மலர்வளையத்துக்கும் இலை வேண்டும். கார்டிலைன், வரியிட்ட டிரசீனா, குரோட்டன்ஸ், பாலிசியாஸ் எல்லாம் வெட்டித் தண்ணீரில் வைத்தால் பூவைவிடப் பல மடங்கு நாள் வாடாமல் நிற்கும். பிச்சி அன்றைக்கு விற்காவிட்டால் குப்பை. இலைக்கு விலை இல்லாத வாரத்தில் வெட்டாமல் விட்டால் போதும், செடியிலேயே காத்திருக்கும். விலைக்காகக் காத்திருக்க முடிகிற பயிர் சிறு விவசாயிக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது, விலை விழுந்த நாளில் தோவாளையில் பூவைக் கொட்டிவிட்டுப் போனவருக்குத் தெரியும். அந்தச் சந்தையிலேயே இலைக்கட்டுக்கும் ஒரு வரிசை ஒதுக்கினால் கேரளத்து வியாபாரி பூவோடு சேர்த்து இலையையும் எடுத்துப்போவார். வண்டி ஏற்கெனவே வருகிறது.

எச்சரிக்கைகளை ஒதுக்க முடியாது. உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் அழகுக்காக இந்தியாவுக்கு வந்ததுதான். இன்று மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் யானை வழியை அடைத்து நிற்கிறது. மஞ்சள் பூவுடன் தரையை மூடும் சிங்கப்பூர் டெய்சி கால்வாய்க் கரைகளில் பரவிவிட்டது. மணிபிளான்ட் சட்டியில் இருக்கும்வரை உள்ளங்கையளவு இலை. மரம் ஏறிவிட்டால் முறத்தளவு விரித்து மரத்தையே மூடும். தண்டின் துண்டிலிருந்து வேர்விடும் எந்தச் செடியின் கழிவையும் ஓடையிலோ கோதையாற்றுக் கால்வாயிலோ கொட்டக்கூடாது. தண்ணீர் அதைப் பத்து ஊருக்குக் கொண்டுபோகும். காட்டை ஒட்டிய விளைகளில் மணிபிளான்டும் சிங்கோனியமும் வேண்டவே வேண்டாம். காட்டிலிருந்து ஆர்க்கிட், பிகோனியா என்று பிடுங்கி வந்து விற்பவர்களிடம் வாங்குவதும் அதே அளவு தீங்கு. கலேடியம், அக்லோனீமா, டிஃபன்பாக்கியா இலைகளில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள், சேனையைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கில் குத்துகிற அதே பொருள். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் இவை கூடாது. குரோட்டன்ஸின் பால் பட்டால் சிலருக்குத் தோல் எரியும்.

மீதியிருப்பது ஆராய்ச்சி நிலையங்களின் வேலை. பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கறுவாப்பட்டையிலும் குடம்புளியிலும் பலாவிலும் இம்மண்ணுக்கென்றே ரகங்கள் கொடுத்திருக்கிறது. அதே கவனத்தோடு, தென்னைக்கடியில் எந்தக் கார்டிலைன், எந்தக் குரோட்டன்ஸ் ஆண்டுக்கு எத்தனை வெட்டுத் தாங்கும் என்ற கணக்கு விவசாயியின் கையில் கிடைக்க வேண்டும். எல்லை தாண்டினால் பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் வெள்ளாயணியில் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. மழையும் மண்ணும் ஒன்றாக இருக்கும்போது மாநில எல்லையைப் பார்த்து அறிவை நிறுத்துவதில் பொருள் இல்லை.

அவசரமான வேலை ஒன்று உண்டு. பழைய ஓட்டு வீடுகளின் வேலியோரம் நிற்கும் குரோட்டன்ஸ்களில் திருகிய இலை, நூல்போன்ற இலை, இலை நுனியில் இன்னொரு இலை தொங்குவது என்று எத்தனையோ வகைகள். இன்றைய நர்சரிகளில் அவை கிடைப்பது அரிது. வீடு இடிபட்டு, மதில் எழுந்து, முற்றத்தில் இன்டர்லாக் கல் பதிக்கும்போது முதலில் போவது அந்த வேலி. கம்பில் விரலளவு பட்டையை வளையமாகச் சீவி, ஈர நாரைப் பொதிந்து பாலிதீன் சுற்றி, இடவப்பாதித் தொடக்கத்தில் பதியன் போட்டால் ஓணத்துக்கு முன் வேர்பிடித்துவிடும். சேர்த்து வைக்க உதயகிரிக் கோட்டைப் பூங்காவில் இடமும் உண்டு, நிழலும் உண்டு.